மேற்கோளும் முகவரியும்



பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானம் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும் மகனோ மகளோ, "கட்டுரை எழுதி முடிந்துவிட்டது, ரெபரன்ஸ்தான் பாக்கி" என்று சொல்வதைச் சில பெற்றோர் கேட்டிருப்பீர்கள். எழுதி முடித்த பிறகு இன்னும் என்ன பாக்கி என்று தோன்றும். அந்தப் பாக்கி என்ன, அதற்கு ஏன் அவ்வளவு கவனம் வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

தஞ்சோங் பகாரை உங்களில் பெரியவர்கள் அறிவார்கள். 1932ஆம் ஆண்டில் அங்கே ரயில் நிலையம் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே கப்பல்துறை. தீபகற்பத்துத் தோட்டங்களின் ரப்பர் அந்த வழியாகவும் கப்பலேறியது. கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி போய்விட்டது. ஆனால் அந்த நாளைய சரக்கிலிருந்து ஒரு பாடம் உண்டு. ரப்பர் பொதி என்றால் அதன்மேல் குறி இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, என்ன தரம் என்பதை அந்தக் குறி சொல்லும். குறி இல்லாத பொதியை எவரும் நம்பி வாங்கமாட்டார். குறி தவறாக இருந்தால், சரக்கில் குறை கண்டவர் குற்றமற்ற வேறொரு தோட்டத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

விஞ்ஞானக் கட்டுரையிலும் இதே நியாயம்தான். கட்டுரை எழுதுகிறவர் எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிப்பதில்லை. முன்னே பலர் கண்டதன்மேல் தம் பங்கைச் சேர்க்கிறார். ஆகவே எது தம்முடையது, எது பிறருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும். பிறருடையது என்றால் அதை எங்கே பார்க்கலாம் என்று முகவரியும் கொடுக்க வேண்டும். கட்டுரைக்குள் இடும் சிறு அடையாளம் மேற்கோள் குறிப்பு. கட்டுரையின் முடிவில் வரும் முழு முகவரிகளின் வரிசை மேற்கோள் பட்டியல்.

முகவரியில் என்னென்ன இருக்க வேண்டும்? ஒரு மெய்யான உதாரணம் பார்ப்போம். சர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் தங்கள் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை லண்டனிலிருந்து வரும் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதன் முகவரி இப்படி அமையும்: முதலில் ஆசிரியர்கள், அதாவது ராமன் சி. வி., கிருஷ்ணன் கே. எஸ். அடுத்து கட்டுரையின் தலைப்பு. பிறகு சஞ்சிகையின் பெயர், நேச்சர். ஆண்டு 1928. தொகுதி 121. பக்கம் 501 முதல் 502 வரை. இவ்வளவும் சரியாக இருந்தால், உலகின் எந்த நூலகத்திலும் சில நிமிடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடலாம். தொகுதி எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் தேடுகிறவர் வேறு தொகுதிக்குப் போய்விடுவார். 2000ஆம் ஆண்டு முதல் மின்வலையில் உள்ள கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் வழங்கப்படுகிறது. அது இருந்தால் அதையும் சேர்ப்பது நல்லது.

எழுதும் முறைகளில் இரண்டு பெரியவை. ஒன்றில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கட்டுரைக்குள்ளேயே வரும்; பட்டியல் அகர வரிசையில் இருக்கும். இதை ஹார்வர்ட் முறை என்பார்கள். மற்றதில் 1, 2, 3 என்று எண் மட்டும் வரும். பட்டியலும் அந்த எண் வரிசையிலேயே இருக்கும். 1978ஆம் ஆண்டில் மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி விதிகளை வகுத்ததால், இதற்கு வான்கூவர் முறை என்று பெயர் வந்தது. தஞ்சோங் பகாரை அடுத்த ஊட்ரம் வட்டாரத்தில் 1905ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான் சிங்கப்பூரின் மருத்துவக் கல்வி. 1960ஆம் ஆண்டு முதல் வெளிவரும் சிங்கப்பூர் மருத்துவச் சஞ்சிகையும் எண் முறையையே கையாள்கிறது. எந்த முறை நல்லது என்று வாதிட வேண்டியதில்லை. கட்டுரையை எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புகிறோமோ அதன் விதியைப் படித்து, முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒரே சீராகப் பின்பற்ற வேண்டும்.

இனி நம் குடும்பங்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். மேற்கோள் முறை மேல்நாட்டுக் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து உண்டானது. கடைசியில் நிற்கும் பெயரை எடுத்து முன்னே வைக்கும். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயர்தான் உண்டு. நோபல் பரிசு பெற்ற இரு தமிழர்களைப் பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதில் சந்திரசேகர் அவருடைய பெயர், சுப்பிரமணியன் தகப்பனார். உலகம் அவரைச் சொந்தப் பெயரால் அறிகிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதிலோ ராமகிருஷ்ணன் தகப்பனார். ஆகவே அவருடைய கட்டுரைகள் தகப்பனார் பெயரின் கீழேயே பட்டியலிடப்படுகின்றன. இரண்டும் குற்றமில்லை. ஆனால் ஒருவரே ஒரு கட்டுரையில் ஒரு விதமாகவும், மறு கட்டுரையில் வேறு விதமாகவும் எழுதினால், அவருடைய உழைப்பு இரண்டு பேர் கணக்கில் ஏறிவிடும். செக்ரோலில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் எழுதினால் சம்பள நாளில் என்ன குழப்பம் வருமோ, அதேதான். மலேசியாவில் ஏ/எல், ஏ/பி என்றும், சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ என்றும் நடுவில் வரும் எழுத்துகள் குழப்பத்தை இன்னும் கூட்டும். எனவே முதல் கட்டுரை அச்சேறும் முன்பே ஒரு வடிவத்தையும் ஒரே எழுத்துக்கூட்டலையும் முடிவு செய்துவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் இலவசமாகக் கிடைக்கிறது. அதையும் பெற்றுக்கொள்ளலாம்.

இதெல்லாம் எழுத்துச் சடங்குதானே என்று நினைக்க வேண்டாம். 1980ஆம் ஆண்டு ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் ஐந்தே வாக்கியம் கொண்ட ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கி, அபின் வகை வலி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவு உண்டு என்றது அது. பின்னர் வந்தவர்கள் அந்தச் சிறு கடிதத்தை மேற்கோள் காட்டிக்கொண்டே போனார்கள். 2017ஆம் ஆண்டில் அதே சஞ்சிகையில் கணக்கு வெளியாயிற்று. மொத்தம் 608 மேற்கோள்கள். அவற்றில் 439, இவ்வகை மருந்துக்கு அடிமையாவது அரிது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டின. 491 மேற்கோள்கள், அந்த நோயாளிகள் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் சில நாள் தரும் மருந்து வேறு; வீட்டில் மாதக்கணக்கில் விழுங்கும் மருந்து வேறு. வட அமெரிக்காவில் இந்த மருந்துகளால் ஏராளமானோர் மாண்டார்கள். அதற்குக் காரணங்கள் பல. ஆனால் படிக்காமல் எடுத்துக்காட்டிய அந்த மேற்கோள்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. இத்தனைக்கும் அந்தக் கடிதத்தின் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் யாருக்கும் மறைந்திருக்கவில்லை. முகவரியை எழுதியவர்கள் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தால் போதும்.

ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வார்த்தை சொல்லுங்கள். மூலக் கட்டுரையைப் படிக்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. படித்த அன்றே முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்; கடைசி இரவுக்குத் தள்ளிவைக்கக் கூடாது. கணிப்பொறி பட்டியலைத் தானே அமைத்துத் தந்தாலும், ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; தவறாகக் கொடுத்ததை அது அழகாக அடுக்கித் தருமே தவிரத் திருத்தித் தராது.

பிறர் உழைப்புக்கு உரிய பெயரைக் கொடுப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. ஒருவர் எடுத்த பாலை இன்னொருவர் கணக்கில் எழுதினால் எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நியாயத்தை விஞ்ஞானத்திலும் காப்பாற்றுவதற்காகத்தான் உங்கள் பிள்ளை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறது.