கீழே சிந்தாத அப்பம்

கத்தோலிக்கர் நற்கருணை என்றும், சீர்திருத்த சபையார் திருவிருந்து என்றும் சொல்லும் அப்பமும் திராட்சை ரசமும் ஒரு காலத்தில் போலீஸ் விசாரணை போன்ற ஒன்றுக்கு உள்ளானது தெரியுமா?

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோமப் பேரரசின் ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் சாப்பிடுகிறார்கள்? சபையை விட்டு விலகியவர்களை விசாரித்தார். சாதாரணச் சாப்பாடுதான், தீங்கில்லாதது என்றார்கள். அப்போதும் சந்தேகம் தீராமல், சபையில் பணி செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து கேட்டார். மூடநம்பிக்கை என்பதற்கு மேல் ஒன்றும் அகப்படவில்லை என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதினார்.

ஊர் வாய் மட்டும் ஓயவில்லை. பச்சைக் குழந்தையை மாவால் மூடிவைத்துக் கொன்று தின்கிறார்கள் என்றுகூட வதந்தி உலவியது. அப்பத்தையும் ரசத்தையும் பற்றிச் சொன்ன 'கிறிஸ்துவின் உடல், ரத்தம்' என்ற சொற்கள் வெளியார் காதில் அரைகுறையாக விழுந்ததன் விளைவாக இருக்கலாம்.

சரி, சாப்பிட்டவர்கள் என்ன நம்பினார்கள்? எல்லாரும் ஒரே பதில் சொல்லவில்லை. 'திதகே' என்ற பழைய கையேட்டின் விருந்து மன்றாட்டில் முதலில் கிண்ணம், பிறகுதான் அப்பம். உடல், ரத்தம் என்ற பேச்சே அதில் இல்லை. மலைமேல் சிதறிக் கிடந்தது ஒரே அப்பமாகச் சேர்ந்ததுபோல, சபையும் ஒன்றுசேர வேண்டும் என்பதுதான் அதன் வேண்டுதல்.

அந்தியோக்கியாவின் ஆயர் இஞ்ஞாசியாரோ, மரண தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய கடிதத்தில் அந்த அப்பத்தைச் சாவா மருந்து என்றார். அது கிறிஸ்துவின் சதை என்பதை ஏற்காமல் ஒதுங்கி நின்றவர்களைச் சாடினார். அப்படியானால், அன்றே ஏற்காதவர்களும் இருந்திருக்கிறார்கள்!

155 வாக்கில் ரோமில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதியதில் ஞாயிறு வழிபாடே கண்முன் விரிகிறது. வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பம், தண்ணீர் கலந்த ரசம். வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இது வெறும் அப்பமல்ல என்பது அவர் கட்சி.

என்னைக் கேட்டால், வாதங்களைவிடக் கைகள்தாம் நம்பிக்கையைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு துணுக்குக்கூடத் தரையில் விழக்கூடாதே என்று மனம் பதைத்ததை வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குறிப்பிடுகிறார். அப்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், மற்ற உணவுக்கு முன் உண்ணும் வழக்கமும் அங்கே இருந்தது.

அதே ஊரில், 251 வாக்கில், ஆயர் சிப்ரியான் ஒரு சம்பவம் சொல்கிறார். தகுதியற்ற கையோடு ஒரு பெண் தன் வீட்டுப் பெட்டியைத் திறக்கப் போனாள். உள்ளே நற்கருணை. பெட்டியிலிருந்து தீ எழும்பியது. அவள் அதைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள்.