எவர்சில்வர் வாட்சுக்கு எதுக்குத் தங்க விலை?

சுங்கச் சட்டம், 1962. அதுல 123ஆம் பிரிவு. வாட்ச் பத்திப் பேச வந்துட்டு சட்டப் புத்தகத்தைத் தூக்கறானேன்னு நினைக்காதீங்க, நம்ம ஊர் வாட்ச் வரலாறுல பாதி இந்த ஒரு பிரிவுக்குள்ளதான் இருக்கு. சாதாரணமா ஒருத்தர் மேல குற்றம் சொன்னா, நிரூபிக்க வேண்டியது அரசாங்கத்தோட வேலை. இங்கே தலைகீழ். கடத்தல் சரக்குன்னு நம்பறதுக்கு நியாயமான காரணம் இருக்குன்னு அதிகாரி உங்க பொருளைக் கைப்பற்றினா, அது கடத்தல் சரக்கு இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். எல்லாப் பொருளுக்கும் இப்படி இல்லை. சட்டம் வந்தப்போ பேர் சொல்லிக் குறிப்பிட்டது தங்கம், வைரம், அப்புறம் வாட்ச். வைரம் பின்னாடி அந்தப் பட்டியலை விட்டுப் போயிடுச்சு. வாட்ச் இன்னிக்கும் தங்கத்துக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கு.

தங்கம் சரி. எவர்சில்வர் கேஸும், நாலு பல்சக்கரமும், ஒரு ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரு சாமான் எப்படி அந்த வரிசையில ஏறிச்சு? இன்னிக்குப் பேசப்போறது அதைத்தான். கையில ஒரு சாட்சியும் வச்சிருக்கேன். கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க.

இது ஃபேவர் லூபா, சீ சீஃப். சாவி கொடுக்கிற வாட்ச். பன்னிரண்டு மணிக்குக் கீழே மணல் கடிகாரம் மாதிரி ஒரு குறி தெரியுதா? அதுதான் கம்பெனி முத்திரை. 1737ல சுவிட்சர்லாந்துல லெ லோக்ல்ங்கிற ஊர்ல ஆபிரகாம் ஃபேவர் தொடங்கினது. அவங்க வம்சத்துல ஒருத்தர் 1865லேயே வியாபாரத்துக்கு இந்தியா வந்துட்டார். பம்பாயில கடை. அதனாலதான் ரோலெக்ஸ்னா என்னன்னே தெரியாத வீட்டுல கூட, தாத்தாவோட டிரங்க் பெட்டியில ஒரு ஃபேவர் லூபா கிடக்கும். ஐரோப்பாவுல வாட்ச் சேகரிக்கிறவங்க, 'இவ்வளவு சீ சீஃப் எப்படி இந்தியாவுல கிடக்கு'ன்னு ஆச்சரியப்படுவாங்க. நமக்கு அது ஆச்சரியமே இல்லை.

இப்போ விலைக் கதைக்கு வருவோம். 1957 வாக்குல நாட்டுல அந்நியச் செலாவணி தட்டுப்பாடு. டாலரும் பவுண்டும் இயந்திரம் வாங்கவே போதலை, வாட்சுக்கு எங்கேருந்து கொடுக்கிறது? இறக்குமதிக் கதவு இறுகிடுச்சு. 1961ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி உதவியோட பெங்களூர்ல எச்எம்டி வாட்ச் வந்துச்சு. நல்ல வாட்ச், அதுல சந்தேகம் இல்லை. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஆலை வேலைக்குப் போனவங்க வீட்டுல இன்னிக்கும் எச்எம்டி ஜனதா ஓடிட்டிருக்கும். ஆனா வேணும்னு கேட்டவங்க ரொம்ப, செஞ்சது கொஞ்சம். வெளிநாட்டு வாட்ச் மேல மோகம் அடங்கவும் இல்லை. கேட்கிறவன் இருக்கான், சட்டப்படி சரக்கு இல்லை. அப்போ சட்டத்துக்கு வெளியே சரக்கு வரும். துறைமுகம் இருக்கிற ஊர்ல கேட்கவே வேண்டாம்.

நம்ம சென்னை ராஜாஜி சாலையைக் கண் முன்னாடி கொண்டு வாங்க. ஒரு பக்கம் துறைமுகம். சாலை மேலயே கஸ்டம்ஸ் ஹவுஸ். அதே சாலையில, பீச் ஸ்டேஷனை ஒட்டி வரிசையா பர்மா பஜார். கடத்தல் சரக்கைப் பிடிக்கிற ஆபீசும், ஃபாரின் சரக்குக்குப் பேர் போன கடைத்தெருவும் நடந்து போற தூரத்துல. இதை ஒரு நாவல்ல எழுதினா மிகைன்னு சொல்லுவாங்க.

பஜார் வந்த கதை தெரிஞ்சிருக்கும், சுருக்கமா சொல்லிடறேன். 1962ல பர்மாவுல நெ வின் ஆட்சியைப் பிடிச்சார். அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள கடை கண்ணியெல்லாம் அரசுடமை. தலைமுறை தலைமுறையா ரங்கூன்ல இருந்த தமிழர்கள் சொத்தை விட்டுட்டுக் கப்பலேறினாங்க. வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கம் குடியேறினவங்க நிறைய. பிழைப்புக்கு வழி வேணுமேன்னு 1969ல இந்த இடத்துல கடை போட்டாங்க. பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட அங்கே போறவங்களுக்கு இந்தக் கதையோட ருசி தெரியும்.

அந்தக் காலத்துல சிங்கப்பூர், பினாங்குக்கு மெட்ராஸ்லேருந்து பயணிகள் கப்பல் உண்டு. 1926ல கட்டின ரஜூலா எழுபதுகளோட தொடக்கம் வரைக்கும் போய் வந்துச்சு. அப்புறம் எம்.வி. சிதம்பரம். 1985ல அதுல தீ விபத்து நடந்தது, அதோட அந்தக் கடல் வழியே முடிஞ்சுபோச்சு. கப்பல்ல வந்தவங்க பெட்டியில புடவை, டேப் ரெக்கார்டர், சென்ட், கையில சீக்கோ. கப்பல் வேலைக்குப் போன மாலுமி வீட்டுல ஒரு வாட்ச் இருந்தா அது கல்யாணத்துக்கும் ஆகும், கஷ்டத்துக்கும் ஆகும். அடகுக்கடைக்காரர் அதைத் தராசுல போட மாட்டார், காதுல வச்சுக் கேட்பார். அவ்வளவுதான் தங்கத்துக்கும் அதுக்கும் வித்தியாசம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எவர்சில்வர் வாட்சைத் தங்கத்துக்கு மேல விற்க முடியும்னு சுவிஸ்காரங்க நிரூபிச்சது 1972ல. அந்த வருஷம் பாசல் கண்காட்சியில ஓடமார் பிகே கம்பெனி ராயல் ஓக்னு ஒரு வாட்ச் வச்சது. ஜெரால்ட் ஜென்டா வரைஞ்சது. எட்டு மூலைச் சட்டம், எட்டு ஸ்க்ரூ, எல்லாம் வெளியிலயே தெரியும். விலை 3,300 பிராங்க், அன்னிக்குப் பல தங்க வாட்சை விட அதிகம். பார்த்தவங்க சிரிச்சாங்க. அப்புறம் வரிசையில நின்னாங்க. இன்னிக்கு 'லக்சரி ஸ்போர்ட்ஸ் வாட்ச்'னு சொல்ற ஜாதியே அங்கேதான் பிறந்துச்சு. ஆனா மெட்ராஸ்ல ஸ்டீல் வாட்ச் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே லக்சரி ஆகிடுச்சு. அங்கே டிசைன் செஞ்ச வேலையை இங்கே கஸ்டம்ஸ் செஞ்சுது.

ராயல் ஓக்ங்கிற பேரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள்லேருந்து எடுத்தது. அந்த எட்டு ஸ்க்ரூ, கடலுக்குள்ள முக்குளிக்கிறவங்க போடற பழைய செம்புத் தலைக்கவசத்தைப் பார்த்து வந்த யோசனைன்னு ஜென்டாவே சொல்லியிருக்கார். நாலு வருஷம் கழிச்சு, 1976ல, அவரே பட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸ் வரைஞ்சு கொடுத்தார். ராயபுரத்துக்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கப்பல் ஓரத்துல இருக்கிற வட்டச் சன்னல், ரெண்டு பக்கமும் கீல். வாட்சோட ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கிட்டிருக்கே, அது அந்தக் கீல்தான். துறைமுகத்துல ஐநூறு தடவை பார்த்த சாமானை மணிக்கட்டுல கட்டிக்க உலகம் காத்துக்கிட்டு நிக்குது.

வேலைக்குன்னு செஞ்ச வாட்ச் இதுக்கெல்லாம் முன்னாடி. 1953ல பிளாங்பான் கம்பெனி பிரெஞ்சுக் கடற்படை முக்குளிப்பு வீரர்களுக்காக ஒண்ணு செஞ்சது. 91 மீட்டர் ஆழம் தாங்கும், காசிமேட்டுக் கணக்குல ஐம்பது பாகம். ரோலெக்ஸ் சப்மரைனரும் அதே சமயம். வெளிவட்டத்தைத் திருப்பி முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சுட்டு இறங்கினா, எத்தனை நிமிஷம் தண்ணிக்குள்ள இருந்தோம்னு ஒரே பார்வையில தெரியும். அந்த வட்டம் ஒரு பக்கம்தான் சுத்தணும். எங்கேயாவது இடிச்சு நகர்ந்தாலும், போன நேரம் அதிகமாக் காட்டுமே ஒழிய குறைச்சுக் காட்டாது. சீக்கிரம் மேல வந்துடலாம், உயிர் மிஞ்சும்.

ஃபேவர் லூபா இந்தப் போட்டியில சும்மா இல்லை. 1962ல பிவோவாக்: உயரம் காட்டற மெக்கானிக்கல் கைக்கடிகாரம், மலையேறறவங்களுக்கு. 1964ல டீப் ப்ளூ, கடலுக்கு. 1968ல வந்தது பாருங்க, 'பாதி' (Bathy)ங்கிற வாட்ச், அதுதான் என்னைக் கேட்டா அவங்க செஞ்சதுலயே துணிச்சலான வாட்ச். எல்லாக் கம்பெனியும் வாட்சுக்குள்ள தண்ணி வராம அடைக்கப் பாடுபட்டுக்கிட்டிருந்தப்போ, இவங்க பின்மூடிக்குள்ள தண்ணியை வரவிட்டாங்க. உள்ளே மெல்லிசா ஒரு உலோகச் சவ்வு. கடல்ல ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு காற்றழுத்தம் கூடும் இல்லையா, அந்த அழுத்தத்துல சவ்வு மயிரிழை அளவு வளையும். அந்த வளைவைப் பெருக்கி டயல்ல தனியா ஒரு முள்ளை நகர்த்தும். மணியும் ஆழமும் ஒரே முகத்துல. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது.

சீ சீஃப் அவ்வளவு சூரன் இல்லை, உண்மையைச் சொல்லணும். கடல்னு பேர் இருக்கே தவிர, இதைக் கட்டிக்கிட்டு யாரும் குதிச்சுடாதீங்க. மழைக்கும் வேர்வைக்கும் தாங்கற ஆபீஸ் வாட்ச். ஆனா டயல்ல 'ட்வின் பவர்'னு போட்ட சீ சீஃப் கிடைச்சா விடாதீங்க. சாதாரண வாட்ச்ல மெயின் ஸ்பிரிங் ஒண்ணு. முழுசா சாவி கொடுத்ததும் வேகமா இழுக்கும், நேரம் போகப் போக இளகும், வாட்சும் அதுக்கேத்தபடி முன்னப் பின்ன ஓடும். இதுல ரெண்டு ஸ்பிரிங், ரெண்டு பேரல், சுமையைப் பகிர்ந்துக்கும். 50 மணி நேரத்துக்கு மேல ஓடும். அப்படி ரெண்டு வச்சும் மெஷின் மூணு மில்லிமீட்டர் கூட கனம் இல்லை.

இப்போ இந்த ரெண்டாவது வாட்சைப் பாருங்க. இதுவும் சீ சீஃப்தான், நல்ல மயில்நீல டயல், பளபளன்னு. அழகா இருக்கு இல்லை? லென்ஸை வைக்கிறேன். நிமிஷக் கோடுகளைப் பாருங்க, பதிச்சிருக்கிற மணிக்குறிக்கு நேரா வரலை, நாலு மணிக்கிட்ட கோடு ஒதுங்கிப் போயிருக்கு. கீழே 'ஸ்விஸ் மேட்'ங்கிற எழுத்து தடிச்சிருக்கு, ஒரு எழுத்து சட்டத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குது. முள்ளுல ரேடியம் பூச்சு காய்ஞ்சு பழுப்பா இருக்கு, டயல்ல ஒரு புள்ளி ரேடியம் கூட இல்லை. முள் வேற வீடு, டயல் வேற வீடு. இதை உலகம் முழுக்க சேகரிக்கிறவங்க 'மும்பை ஸ்பெஷல்'னு கிண்டலாச் சொல்லுவாங்க. கறுத்துப்போன பழைய டயலைச் சுரண்டி, புதுசாப் பெயிண்ட் அடிச்சு, கிடைச்ச சாவியை மாட்டி விற்கிறது. பெயிண்ட் அடிக்கிறவர் மேல எனக்குக் கோபம் இல்லை. மாசக்கணக்கா ஓடாத வாட்சை ஓட வச்சதும் அவர்தான். ஆனா அதை ஒரிஜினல்னு விலை சொல்றவர் வேற ஆள்.

முதல் வாட்சோட கேஸைக் கிட்டப் பாருங்க. பட்டை மாட்டற காதுக்குக் கீழே பொடிப்பொடியாக் குழி. பித்தளை மேல குரோம் பூசின கேஸ், பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். நம்ம கடலோரத்து உப்புக்காத்தும் வேர்வையும் பித்தளையைத் தின்னும். நான் இந்தக் குழியைப் பார்த்தாத்தான் வாங்குவேன். வடசென்னையில ஐம்பது வருஷம் கட்டின வாட்ச் மழமழன்னு இருந்தா எங்கேயோ இடிக்குது.

கம்பெனி என்ன ஆச்சு? எழுபதுகள்ல ஜப்பான் குவார்ட்ஸ் வந்து சுவிஸ் கம்பெனிகளைப் புரட்டிப் போட்டுது. எண்பதுகள்ல ஃபேவர் குடும்பம் கையை விட்டாச்சு, அப்புறம் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 2011ல வாங்கினது யார் தெரியுமா? டைட்டன். 1984ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து தொடங்கினது, ஓசூர்ல ஆலை. அதுல டிட்கோவோட பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தோட பங்கை விட அதிகம். ஆக, சில வருஷம், 1737ல பிறந்த சுவிஸ் கம்பெனியில தமிழ்நாட்டுக்காரங்க எல்லாருக்கும் அரசாங்கம் வழியா ஒரு துளி சொந்தம் இருந்துச்சு. ரேஷன் கார்டுல எழுதலை, அவ்வளவுதான். டைட்டன் கையில இருந்தப்போ ஹார்பூன் வந்துச்சு, 120 மீட்டர் வரைக்கும் ஆழம் காட்டற புது 'பாதி' வந்துச்சு. செஞ்சதெல்லாம் நல்ல சாமான். விற்பனைதான் கை கொடுக்கலை. 2023ல வாட்ச் கடைகள் நடத்தற ஈதாஸ் குழுமம் வாங்கிடுச்சு, அடுத்த வருஷம் ஜெனீவாவுல சீஃப், டீப் ப்ளூ எல்லாம் மறுபடி மேடை ஏறிச்சு.

இதுக்கு நடுவுல நம்ம ஊர்ல வாட்ச் அரசியலும் ஆச்சு. 2022 டிசம்பர்ல, அப்போ தமிழக பாஜக தலைவரா இருந்த அண்ணாமலை கட்டியிருந்த பெல் அண்ட் ராஸ் ரஃபேல் வாட்ச், மொத்தமே 500தான் செஞ்சது, அதுக்கு 'பில் எங்கே'ன்னு சர்ச்சை மாசக்கணக்கா ஓடிச்சு. 2024 பிப்ரவரியில சென்னை விமான நிலையத்துல ஒரு பயணிகிட்ட ரெண்டு வாட்ச் பிடிபட்டுது, மதிப்பு 1.73 கோடின்னு கணக்கு. ஒண்ணு பட்டேக் 5740, நான் சொன்ன கப்பல் சன்னல் நாட்டிலஸ் குடும்பம்தான். கப்பல் போய் விமானம் வந்துச்சு, பெட்டி பெரிசாச்சு, கேள்வி அதேதான்.

வரி மட்டும் இறங்குது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாலு நாட்டோட போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1லேருந்து நடைமுறையில இருக்கு. சுவிஸ் வாட்ச் மேல சுங்கம் படிப்படியாக் குறையும். புது வாட்ச் வாங்க நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுக்கலாம். பழைய சீ சீஃப் தேடறவங்க பொறுக்க வேண்டாம், நல்ல டயல் வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. கடைக்காரர்கிட்டப் பின்மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்க. டயல்ல 'ட்வின் பவர்'னு இருந்தா ரெண்டு பேரல் தெரியணும், பாலத்துல கம்பெனிப் பேர் இருக்கணும். திறக்க மாட்டேன்னு சொன்னா அண்ணனுக்கு ஒரு வணக்கம் போட்டுட்டு அடுத்த கடைக்குப் போங்க.