தளர்ந்த ஸ்டியரிங்



பழைய மோட்டார் வண்டியைப் பேணுவோர் அதன் வண்ணப் பூச்சையும், நிக்கல் பூண்களின் பளபளப்பையும், எஞ்சினின் இனிய ஓசையையும் பற்றிப் பேசுவது வழக்கம். முன் சக்கரங்களுக்குப் பின்னே புழுதி படிந்து மறைந்து கிடக்கும் ஸ்டியரிங் உறுப்புக்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும், வண்டியில் உள்ளோர் உயிர் அவ்வுறுப்புக்களையே நம்பியிருக்கின்றது. பிரேக் தவறினால் கைப்பிரேக் என்று ஒன்றுண்டு. ஸ்டியரிங் மூட்டு ஒன்று கழன்றுவிட்டாலோ, அதற்கு மாற்று இல்லை. ஆதலின், அவ்வுறுப்புக்களில் தோன்றும் கோளாற்றை முறைப்படி கண்டறியும் வகையை இன்று ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக, நாம் யாவரும் நன்கறிந்த அம்பாஸடர் வண்டியையே கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, வங்கத்தில் உத்தர்பாராவில் உருவாகி வந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றது. தில்லியின் அரசாங்க அலுவலக வாயில்களில் அரை நூற்றாண்டுக்கு மேல் வெண்ணிற அணியாக நின்ற வண்டி அது. இன்று அன்பர் சிலர் அதைப் போற்றிக் காத்து வருகின்றனர். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை, மூல வடிவம் மாறாதிருப்பின், பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள 2021-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே, மூல உறுப்புக்களை அறிந்து பேணுவது முன்னினும் இன்றியமையாததாகின்றது.

அம்பாஸடரின் ஸ்டியரிங், 'ராக்' என்னும் பற்சட்டமும் 'பினியன்' என்னும் சிறு பற்சக்கரமும் இணைந்த வகையைச் சேர்ந்தது. ஓட்டுநர் கைச்சக்கரத்தைத் திருப்ப, பினியன் சுழன்று ராக்கை இடமும் வலமும் தள்ளுகின்றது. ராக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராட் என்னும் தண்டுகள், முன் சக்கரங்களைத் தாங்கும் அச்சுக்களைத் திருப்புகின்றன. சக்கரம் திரும்புவதற்குக் கீல் போல் நிற்பது கிங் பின். கை முதல் தரை வரை இவ்வளவே சங்கிலி. இச்சங்கிலியில் எக்கண்ணி தேய்ந்தாலும் அதன் விளைவு ஓட்டுநரின் கையில் தெரியும். எக்கண்ணி என்பது மட்டும் கைக்குத் தெரியாது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மெக்கானிக்குகள் 'பிளே' என்பார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதை 'விளையாட்டு' என்று பெயர்த்தால் விபரீதமாகும். கைச்சக்கரம் சிறிது திரும்பியும் தரையிலுள்ள சக்கரம் திரும்பாதிருக்கும் அந்த வெற்றசைவே 'பிளே'. பற்சட்ட வகை ஸ்டியரிங்கில் இயல்பாகவே இது மிகக் குறைவு. ஆகவே, கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு அது பெருகினால் எங்கோ தேய்மானம் உண்டென்பது உறுதி.

இனி, தேடும் முறை. முதலிற் காண வேண்டுவது டயர்களையே. வண்டி ஒரு புறமாக இழுத்தால், இரு முன் டயர்களின் காற்றழுத்தமும் சமமா என்று பாருங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின், ஒரு பிரேக் டிரம் மட்டும் மிகச் சூடேறியிருந்தால், குற்றம் பிரேக்கினுடையது, ஸ்டியரிங்கினுடையதன்று. குறிப்பிட்ட வேகத்தில் கைச்சக்கரம் நடுங்கினால், சக்கரத்தின் சமநிலையையும் முதலில் சோதிக்க வேண்டும். இவற்றைப் பாராமல் ராக்கை மாற்றுவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவதை ஒக்கும்.

அடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் கைச்சக்கரத்தைச் சிறிது இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். அசைவு ஒரு புறம் வந்து மறுபுறம் செல்லாத மூட்டே தேய்ந்த மூட்டு. பொருள் மயங்கும் நீண்ட வாக்கியத்தில், எந்தச் சொல்லில் பொருள் அறுந்தது என்று தேடுவதும் இவ்வாறே.

பின்னர் முன் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்குக் கீழே செல்லலாகாது. சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கர பேரிங்கினுடையது. மறையாமல் நின்றால் கிங் பின்னையும் அதனைத் தாங்கும் மூட்டுக்களையும் ஐயுறலாம். இடமும் வலமும் கை வைத்து ஆட்டுகையில் மட்டும் தோன்றும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் முனைகளையும் ராக்கையும் சுட்டும்.

ஸ்டியரிங் கனத்திருந்தால் முறை வேறு. டை ராட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். அப்போதும் இறுகியிருந்தால் கிங் பின் கிரீஸ் இன்றி வறண்டுள்ளது. எளிதில் திரும்பினால் ராக்கைப் பார்க்க வேண்டும்.

ராக்கின் தேய்மானத்தில் ஓர் ஆபத்து உண்டு. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் ராக்கின் நடுப் பற்களே மிகுதியாகத் தேய்கின்றன. நடுவில் தளர்ச்சி நீங்குமாறு இறுக்கினால், தேயாத ஓரங்களில் அது சிக்கிக்கொள்ளும். திருப்பத்தில் திரும்பிய சக்கரம் மீளாமல் நின்றால் என்னாகும்? ஆகவே, இறுக்கியபின் ஒரு கோடி முதல் மறு கோடி வரை திருப்பிப் பாராமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரலாகாது. சிக்கினால், தேய்ந்த ராக்கை மாற்றுவதே தக்கது.

டை ராட் முனையை மாற்றும்போது, பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணிக்கொண்டு புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். நட்டை இறுக்கியபின் காட்டர் பின்னுக்குரிய துளை நேர்ப்படாவிட்டால், நட்டை மேலும் இறுக்கியே நேர்ப்படுத்த வேண்டும், தளர்த்தி அன்று. பழைய காட்டர் பின்னை மறுமுறை பயன்படுத்துவது சிக்கனமன்று. இறுதியில் முன் சக்கரங்களின் நேர்மையைக் கருவி கொண்டு அளந்து சரிசெய்தல் வேண்டும். இன்றேல் புதிய டயர் விரைவில் ஓரம் தேய்ந்துபோம்.

தில்லி காஷ்மீரி கேட் போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் பழைய வண்டிகளுக்குரிய பொருள்களைத் தேடலாம். ஆயினும், பெட்டியின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாமல், பழைய உறுப்பைக் கையோடு கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குவதே அறிவுடைமை. பந்து மூட்டைக் கையால் அசைத்தால் அது சீராகவும் சற்றுக் கடினமாகவும் அசைய வேண்டும். கடகடவென்று ஆடும் மூட்டு புதியதாயினும் ஏற்கத்தக்கதன்று.

இத்தனைக்கும் மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றே: உரிய காலத்தில் கிரீஸ் இடாமை. ரப்பர் உறை கிழிந்தால் புழுதியும் மழைநீரும் உட்புகுந்து, கிரீஸோடு கலந்து உறுப்பை அரைத்துத் தின்கின்றன. சக்கரத்தைத் தூக்கிப் பாரம் நீக்கி, பழைய அழுக்குக் கிரீஸ் வெளிவந்து புதியது தலைகாட்டும் வரை கிரீஸ் இடுவது, சில நிமிஷ வேலை. கிழிந்த உறையை மாற்றுவதும் சிறு செலவே. வண்டியைத் துடைத்து மினுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றையேனும் அதன் அடிப்பக்கத்துக்கு ஒதுக்குவோமாக. அங்கே செலவிடும் ஒரு மணி நேரம், சாலையில் நம்மையும் எதிரே வருவோரையும் காக்கும்.