ஓப்பனா, குளோஸா?



"ஓப்பன்", "குளோஸ்". எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த இரண்டு வார்த்தைகள். இந்த இரண்டில் நான் இரண்டு தடவை சறுக்கியிருக்கிறேன்.

முதல் தடவை, இதே கல்லூரியில். 2006-ல் தமிழ் மீடியத்திலிருந்து வந்து சேர்ந்தவன் நான். முதல் வருஷ லேபில் சார், "ஸ்விட்ச் ஓப்பன்ல இருந்தா கரண்ட் போகுமா?" என்று கேட்டார். "போகும் சார்" என்றேன். குழாயைத் திறந்தால் தண்ணி வருமே, அந்தக் கணக்கு! வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டார். "சர்க்யூட்னா சுத்தி வர்ற பாதை. வட்டம் எங்கேயும் விட்டுப்போகாம சேர்ந்திருந்தாத்தான் கரண்ட் ஓடும், அதான் குளோஸ். ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா ஓப்பன், கரண்ட் நின்னுடும். வால்வுக்கு நேர் எதிர்" என்றார்.

இரண்டாவது தடவை, வேலைக்குச் சேர்ந்தபின், 2014-ல். தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து எங்கள் செக்ஷனுக்குப் புதிதாக வந்த ஃபிட்டர் தம்பி, பம்ப் ஹவுஸிலிருந்து போன் பண்ணி, "சார், பிரேக்கர் என்ன ஆச்சு?" என்றான். "குளோஸ் பண்ணியாச்சுப்பா" என்றேன். லைனில் கரண்ட் இருக்கிறது என்பது நான் சொன்ன அர்த்தம். வால்வு மூடிப் பழகிய அவனுக்கோ, சப்ளையை அடைத்தாச்சு என்று அர்த்தம். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, ஸ்பேனரைக் கொண்டுபோய்விட்டான். பக்கத்தில் நின்ற வயர்மேன் அண்ணன், "இருடா, தொடாதே!" என்று தடுத்து, டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்திருக்கிறார். பளிச்சென்று எரிந்ததாம். 415 வோல்ட் லைன்!

அவன்மேல் தப்பில்லை. முதல் வருஷத்தில் நான் சொன்ன அதே பதில்தான் அவன் மனசிலும் இருந்தது. அவனுக்கு வட்டம் போட்டுக் காட்டியிருக்க வேண்டியவன் நான். காட்டவில்லை.

அன்றிலிருந்து எங்கள் ஷிஃப்டில் ஒரு வழக்கம். ஓப்பனும் குளோஸும் டிராயிங்கில் இருக்கட்டும். ஆளிடம் பேசும்போது "கரண்ட் இருக்கு", "கரண்ட் இல்லை", அவ்வளவுதான். இல்லை என்று யார் சொன்னாலும், பிரேக்கரை ஆஃப் பண்ணிப் பூட்டுப் போட்டு, டெஸ்ட் பண்ணிப் பார்த்த பிறகுதான் கை வைப்போம்.

ஜூனியர்களே, தப்பாகப் பதில் சொல்லும் நண்பனைப் பார்த்துச் சிரிக்காதீங்க. நாளைக்கு உங்ககிட்ட வேலை பார்க்க வருகிறவனும் அதே பதிலோடு வரலாம். அன்றைக்கு ஒரு வட்டம் போட்டுக் காட்ட மறந்துடாதீங்க.