கண்புரைச் சிகிச்சையும் முன்பின் காப்பும்

(மயிலாடும்பாறையில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கண்ணைப் பற்றியது. நம் ஊர்த் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் பாட்டன்மாரும் பாட்டிமாரும், வருவோர் இன்னார் என்பதை முகத்தால் அறியாது குரலால் அறிந்து கொள்ளும் நிலையைக் காண்கின்றோம். கேட்டால், “வயதாகிவிட்டது, இனி என்ன பார்வை வேண்டிக் கிடக்கிறது?” என்பர். இச்சொல் பொறுமையின் சொல்லாகத் தோன்றும். ஆராயின், இஃது இல்லத்தார்க்குச் செலவும் அலைச்சலும் வைக்கலாகாது என்னும் அன்பினால் எழுந்த சொல் என்பது விளங்கும். பெற்றோர் அங்ஙனம் கூறலாம். பிள்ளைகள் அதனை ஏற்றுக்கொண்டு வாளாவிருத்தல் தகாது. மீளக்கூடிய பார்வையை மீட்டுத் தாராமை பெருங் குறையாகும்.

கண்புரை என்பது யாது? கருமணிக்குப் பின்னே பளிங்கு போலத் தெளிந்த வில்லை ஒன்று உளது. ஒளியைக் குவித்து உள்விழித்திரையிற் சேர்ப்பது அதன் தொழில். ஆண்டு முதிர முதிர, அவ்வில்லையிலுள்ள புரதம் திரண்டு, தெளிவு கெட்டு, மங்கலாகின்றது. இம்மங்கலே புரை. நீரிழிவு உடையார்க்கும், கண்ணில் அடிபட்டார்க்கும் இது முன்னரே வரும். கண்மேல் வளரும் தோல் என்று பலர் எண்ணுவது பிழை. புரை கண்ணின் உள்ளே இருப்பது. ஆதலின், மேலே பிழியும் பச்சிலைச்சாறும், விளக்கெண்ணெயும், தாய்ப்பாலும் அதனைக் கரைக்க மாட்டா. மாறாகக் கருவிழியிற் புண் உண்டாக்கி உள்ள பார்வையையும் போக்கிவிடும். சொட்டு மருந்தினாற் புரை நீங்கும் என்பதும் மெய்யன்று. மங்கிய வில்லையை நீக்கி வேறு வில்லை வைப்பதே இதற்கு வழி.

நம் முன்னோர் கண்ணோயை அறியாதவர் அல்லர். சித்த மருத்துவ நூல்கள் கண்ணோய் 96 என வகுத்துரைக்கும். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோசி மன்னர் தம் காலத்துக் கண்ணோயாளரின் கண்களை ஓவியமாக எழுதுவித்து, நோயின் குறியும் செய்த மருத்துவமும் குறித்துவைத்த ஏடுகள் இன்றும் உள. சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆயினும் பழைய முறையில், புரையை ஊசியால் உள்ளே தள்ளினர்; பின்னர் வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடி அணிவித்தனர். 1949-ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் ஆரல்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுள்ளேயே செயற்கை வில்லை ஒன்றை முதன்முதல் வைத்தார். இன்று நடைபெறுவது அவ்வழியின் வளர்ச்சியே. இக்காலத்தில் சிறு துளை வழியே, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள், சிகிச்சை முடிந்துவிடுகின்றது.

நம் மாவட்டத்தார்க்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், இளமையிலேயே மூட்டுவாத நோயால் விரல்கள் கோணப்பெற்றவர். அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்குச் சிகிச்சை செய்தார். அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேனியில் அதன் கிளை 1985-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தமையின், 1992-ஆம் ஆண்டில் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பெற்று, வில்லைகள் குறைந்த விலையில் கிடைக்கலாயின. அவர் 2006-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வகுத்த நெறி மறையவில்லை. அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்பெறுகின்றது. க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வருசநாட்டிலிருந்து ஆண்டிபட்டி வழியே போவார் யாவரும் கண்டதே.

சிகிச்சை என்றவுடன் நாம் கத்தி பிடிக்கும் மருத்துவரையே நினைக்கின்றோம். அதற்கு முன்னும் பின்னும் உழைப்பவர் ஒருவர் உளர். அவரே ஆப்டோமெட்ரிஸ்ட் எனப்படும் பார்வை அளவையாளர். பயிருக்கு உழவும் களையும் எவ்வாறோ, அவ்வாறே சிகிச்சைக்கு அவர் பணி என்க.

முன்னர்ச் செய்வன யாவை? முதலாவது, 6 மீட்டர் தொலைவில் எழுத்துப் பலகையை வைத்துப் பார்வையை அளப்பார். எழுத்தறியாதார் நாணி ஒதுங்க வேண்டுவதில்லை. மூன்று கவர்களையுடைய குறி எத்திசை நோக்கியிருக்கின்றது என்று கையாற் காட்டினாற் போதும். இரண்டாவது, மங்கலுக்குக் காரணம் புரை ஒன்றுதானா என்று ஆராய்வார். கண்ணாடி மாற்றினாலே சிலர்க்குப் பார்வை தெளியும். சிலர்க்குக் கண்நீரழுத்த நோயோ, நீரிழிவினால் விழித்திரைக் கேடோ உடனிருக்கும். அதனை முன்னரே அறிந்தால்தான், சிகிச்சைக்குப் பின் எவ்வளவு பார்வை வரும் என்று மெய்யாகக் கூற இயலும். மூன்றாவது, கண்ணழுத்தத்தையும், கண்ணீர்ப்பை அடைப்பையும் சோதிப்பர். அப்பையிற் சீழ் இருப்பின், அதனைத் தீர்க்காமற் கண்ணைத் திறத்தல் ஆபத்து.

நான்காவது மிக நுட்பமானது. உள்ளே வைக்கும் வில்லை எல்லார்க்கும் ஒன்றன்று. விழியின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் கருவியால் அளந்தே வில்லையின் ஆற்றலைக் கணக்கிடுவர். விழியின் நீளம் ஏறக்குறைய 23 அல்லது 24 மில்லிமீட்டர். அவ்வளவையில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால், கண்ணாடியின் எண் இரண்டரை அல்லது மூன்று மாறிவிடும். ஆதலின் அளக்கும்போது, தலையை அசைக்காது, சொன்ன இடத்தையே நோக்கியிருத்தல் நோயாளியின் கடமை. அளவை இருமுறை செய்தாற் சலித்துக் கொள்ளற்க.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அடங்கியிருத்தல் வேண்டும். உண்ணும் மாத்திரைகள் யாவற்றையும் உடன் கொண்டு செல்க. சிறுநீர் அடைப்புக்காக முதியோர் உண்ணும் சில மாத்திரைகள் சிகிச்சையின்போது கருவிழித்திரையைத் தளரச் செய்யும். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகளையும் மருத்துவர் அறிதல் வேண்டும். தாமே நிறுத்துதலும் கூடாது, மறைத்தலும் கூடாது.

“புரை நன்றாக முற்றட்டும்” என்று காத்திருத்தல் பழைய வழக்கம். இக்காலத்திற்கு அது பொருந்தாது. அளவு கடந்து முற்றிய புரையை எடுத்தல் கடினம். அது கண்ணழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே அழிப்பதும் உண்டு. அன்றாட வேலைக்கு இடையூறு நேர்ந்தபோதே செல்லுதல் நன்று.

இனிப் பின்னர்ச் செய்வன. சிகிச்சை மருத்துவமனையில் முடிகின்றது. காப்பு வீட்டிலே தொடங்குகின்றது. மறுநாளும், மருத்துவர் குறித்த பின்னாட்களிலும் தவறாது சென்று காட்டுதல் வேண்டும். கட்டணமில்லாச் சிகிச்சை பெற்றோருட் சிலர், பார்வை வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில், மறுமுறை செல்வதில்லை. இது விளைந்த கதிரைக் களத்திலே விட்டு வருதல் போலாம்.

சொட்டு மருந்து விடுவார் கையைச் சோப்பினாற் கழுவுதல் வேண்டும். குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ படலாகாது. ஒரு துளி போதும். மிகுதி கன்னத்தில் வழிந்தோடும். இரண்டு மருந்துகள் இருப்பின், இடையே ஐந்து நிமிடம் விடுக. மருந்தின் வேளைகள் வாரந்தோறும் குறைந்து வரும். சீட்டில் உள்ளபடியே குறைத்தல் வேண்டும். நலமாயிற்று என்று இடையில் நிறுத்தலும், நல்ல மருந்து என்று மாதக்கணக்கில் தொடர்தலும் ஒருங்கே தீது. அம்மருந்துகளுட் சில நெடுநாள் விட்டாற் கண்ணழுத்தத்தை ஏற்றும்.

கண்ணைக் கசக்கற்க. மருத்துவர் இசையும்வரை தலைக்கு நீர் ஊற்றற்க. ஆற்றிலும் கிணற்றிலும் மூழ்கற்க. குனிந்து சுமை தூக்கலும், அடுப்புப் புகையில் இருத்தலும் ஆகா. நம் பகுதியில் இலவம்பஞ்சு பிரிக்கும் காலத்தில் பஞ்சும் தூசும் காற்றிற் பறக்கும். அக்களத்தின் பக்கம் செல்லாதிருத்தல் நலம். உறங்கும்போது கண்மூடியை அணிக. பத்தியம் என்று கஞ்சி ஒன்றே கொடுத்து முதியோரை மெலிவித்தல் வேண்டா. நீரிழிவு உடையார் தம் உணவு ஒழுங்கைக் காத்தாற் போதும்.

நோவு மிகுதல், சிவத்தல், சீழ் வடிதல், வந்த பார்வை மங்குதல், கண்முன் மின்னல் தோன்றுதல் ஆகிய இவற்றுள் ஒன்று நேரினும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். “விடியட்டும், சந்தை நாள் கழியட்டும்” என்று இருத்தல் கண்ணை இழப்பதற்கு வழி.

ஏறக்குறைய ஒரு திங்கள் கழித்துப் பார்வை அளவையாளர் மீண்டும் கண்ணை அளந்து கண்ணாடி எழுதித் தருவார். செயற்கை வில்லை இயற்கை வில்லைபோல் அண்மைக்கும் சேய்மைக்கும் தானே மாறாது. ஆதலின் படிக்கவும் அரிசி பொறுக்கவும் பெரும்பாலார்க்குக் கண்ணாடி வேண்டும். அதற்குமுன் சந்தையிற் கிடைத்ததை வாங்கி அணிதல் வீண் செலவு. சில ஆண்டுகட்குப்பின் பார்வை மீண்டும் மங்கினால், புரை திரும்ப வந்தது என்று அஞ்சற்க. வில்லையின் பின்னுள்ள மெல்லிய சவ்வு மங்குதல் அது. கத்தியின்றி லேசர் ஒளியால் சில நிமிடங்களிற் சரிசெய்வர்.

அன்பர்களே! நம் சங்கம் செய்யத்தக்கன மூன்று கூறுவோம். ஒன்று: வீடுதோறும் பார்வை குன்றிய முதியோரை எழுதி ஒரு பட்டி வைத்தல், அதில் பெண்டிர் பெயர் விடுபடாது பார்த்தல். ஆடவரை அழைத்துச் செல்வோர் அத்தையையும் அப்பத்தாவையும் அடுத்த ஆண்டிற்கு ஒத்திப் போடுகின்றனர். இரண்டு: சிகிச்சைக்குச் செல்வாரோடு இளைஞர் ஒருவரை அனுப்புதல், மறுமுறை காட்டும் நாளுக்கும் அவரே பொறுப்பாதல். மூன்று: வீட்டிற் பயிலும் பிள்ளையிடம் மருந்துச் சீட்டை ஒப்புவித்தல். நம் பள்ளிச் சிறார் எழுத்தறிவர். மணி பார்க்க அறிவர். நாட்காட்டியில் வேளைதோறும் ஒரு புள்ளியிட்டுப் பாட்டிக்கு மருந்து விடும் பேரன் கற்ற கல்வி அன்றே பயன் தந்ததாகும்.

இன்னும் ஒன்று. கண் மருத்துவமனைகளில் நாட்டுப்புறப் பெண்கள் பலர் பயிற்சி பெற்றுப் பார்வை அளக்கும் பணியிலும் சிகிச்சைக்குத் துணைசெய்யும் பணியிலும் அமர்ந்துள்ளனர். பள்ளியிறுதி தேறிய நம் பெண் மக்களும் அப்பணிக்குச் செல்லலாம். அதற்குப் பெற்றோர் தடை சொல்லாதிருப்பாராக.

முதியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பேரப் பிள்ளையின் முகத்தைத் தடவி அறிதலினும் கண்டு அறிதல் இனிதன்றோ? அஞ்சாது வாருங்கள். அழைத்துச் செல்ல நம் சங்கம் இருக்கின்றது.