சினை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு

பத்து பெரண்டாம் என்றதும் பலருக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். மலாக்காத் தோட்டப்புறங்களில் பால்வெட்டு வேலையோடு இரண்டு மூன்று கறவை மாடுகளையும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தமிழர்கள் கப்பலில் வந்த காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இன்றும் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்றே கால்நடைத் துறையினர் குறிப்பிடுகிறார்கள். பிரீசியனையும் சாஹிவாலையும் கலந்த மாஃப்ரிவால் பிறகு வந்தது.

இந்த மாட்டுக்காரர்களின் தீராத கவலை ஒன்று உண்டு. ஊசி போட்டாயிற்று, மூன்று வாரம் கழித்து மாடு மறுபடியும் கத்துகிறது. மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால் 'மலடு' என்று முத்திரை குத்தி, அறுப்புக்கு விற்றுவிடுகிறார்கள். வீட்டில் லட்சுமி என்று பெயர் வைத்து வளர்த்த மாடு அது. பல நேரங்களில் குற்றம் மாட்டினுடையதே அல்ல.

கணக்கைப் பாருங்கள். மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற பிறகு 85 நாளுக்குள் மீண்டும் சினை பிடிக்க வேண்டும். கருப்பை தேற 60 நாள் விட்டாக வேண்டும். மீதி 25 நாள். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை என்பதால் கையில் இருப்பது ஒரே ஒரு வாய்ப்புத்தான். அதைத் தவறவிட்டால் கறவையும் வருமானமும் மூன்று வாரம் தள்ளிப்போகும்.

முதலில் கவனிக்க வேண்டியது நேரம். இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதே பருவத்தின் உறுதியான அடையாளம். கண்ணாடிபோல் தெளிந்த சளி வடிவதும் துணை அடையாளம். நம் வெயிலில் பகலில் மாடு ஒன்றையும் காட்டாது. விடியலிலும் இரவிலும்தான் காட்டும். பால் கறக்கும் அவசரத்தில் அதை யார் பார்ப்பது? காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்ற விதி 1940களில் அமெரிக்க ஆய்வில் பிறந்தது. பருவம் அடங்கிச் சுமார் 12 மணி நேரத்தில்தான் முட்டை வெளிப்படும் என்பதே அதற்குக் காரணம். 'நேற்றே கத்தியது' என்று சொல்லி மறுநாள் மாலையில் ஆளைக் கூப்பிட்டால் ஊசி வீண்.

அடுத்தது விந்துக் குழல். அது மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடப்பது. வெளியே எடுத்ததும் ஏறக்குறைய 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடமாவது இருக்க வேண்டும். சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்து உருக்கினால் உயிரணுக்கள் பாதிக்கப்படலாம்.

கருப்பை அழற்சிதான் பெரிய சிக்கல். குதிரை வளர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். பெண் குதிரைக்கு விந்து செலுத்தியதும் கருப்பையில் அழற்சி உண்டாவது இயல்பு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். சில குதிரைகளுக்கு, குறிப்பாக வயதானவற்றுக்கு, திரவம் வெளியேறாமல் தேங்கும். கரு ஆறாம் நாள் வாக்கில் கருப்பைக்கு வரும்போது அங்கே அழற்சி இருந்தால் தங்காது. அதனால் மருத்துவர் சில மணி நேரம் கழித்து உப்புநீரால் கழுவி, ஆக்ஸிடோசின் ஊசி போடுவார். மாட்டுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஈன்ற நாளிலேயே தொடங்குகிறது. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்துக்கு மேல் விழாமல் இருந்தால் கையைவிட்டு இழுக்கவே கூடாது. கிழிந்து உள்ளே தங்கிய துண்டு அழுகிச் சீழ் பிடிக்கும். மாதக்கணக்கில் ஊசி போட்டாலும் பலன் இராது. சளி தெளிவில்லாமல் வெண்மையாகவோ மஞ்சளாகவோ வந்தால் அந்தப் பருவத்தில் ஊசியே வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவர்.

தீனியையும் சொல்ல வேண்டும். செம்பனைப் புண்ணாக்கு மலிவு, சத்தும் உண்டு. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. தாது உப்பும் பசும்புல்லும் சேராமல் அதை மட்டும் போட்டால் மெலிந்த மாடு பருவத்துக்கே வராமல் போகலாம்.

சில மாடுகள் சினையாக இருக்கும்போதே பருவம்போல் கத்துவதுண்டு. அதை அறியாமல் மறுபடியும் ஊசிக் குழாயைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் கரு கலைந்துவிடக்கூடும். ஆகவே ஊசி போட்ட தேதியைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து மருத்துவரைக் கொண்டு சோதித்த பிறகே அந்த மாட்டை விற்பதா, வைப்பதா என்று பேசுங்கள்.