விடியும் வரை காத்திருக்கலாகாது
(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



ஏரிக்கரையில் நள்ளிரவில் உடைப்புக் கண்டுவிட்டால், பொழுது விடியட்டும் என்று நம்மில் எவரும் படுத்துறங்குவதில்லை. மண்வெட்டியும் மணல் மூட்டையும் எடுத்துக்கொண்டு ஊரே ஓடுகிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூளை உறைக் காய்ச்சலும் அத்தகையதே. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வில் கிருமிகள் புகுந்து அழற்சி உண்டாக்குவதே இந்நோய். பாக்டீரியாக் கிருமிகளால் வருவது மிகக் கொடியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அவ்வகை நோய்க்கு ஆளாவோரில் ஆறில் ஒருவர் இறக்கிறார். ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்படுகிறது. எனினும் காலத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலோரைக் காப்பாற்ற இயலும்.

நாம் அறிந்த ஒரு சிற்றூரில் எட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு மாலையில் காய்ச்சல் கண்டது. பால் குடிக்க மறுத்தது. இரவில் வலிப்பு வந்தது. மாந்தம் என்றார் ஒருவர். தோஷம் என்றார் மற்றொருவர். வேப்பிலை அடித்துக் கயிறு மந்திரித்துக் கட்டினர். இரண்டு இரவுகள் கழிந்த பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். குழந்தை பிழைத்தது; ஆனால் இரு செவிகளும் கேட்கும் திறனை இழந்தன. வயலிலிருந்து திரும்பும் தந்தை வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தால், அது திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பெற்றோரின் அன்பில் குறைவில்லை. அடையாளம் சொல்ல ஆளில்லாமற் போனதே குறை.

அந்த அடையாளங்கள் யாவை? பெரிய பிள்ளைகளாயின் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் கண்டால் கண் கூசுதல் ஆகியவை தோன்றும். கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு பெரும்பாலும் தெரியாது. பால் குடிக்க மறுத்தல், வீறிட்டு அழுதல், தூக்கினால் மேலும் அழுதல், எழுப்ப இயலாத மயக்க உறக்கம், உடல் துவளுதல் அல்லது விறைத்தல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். பச்சிளங் குழந்தைக்குக் காய்ச்சலின்றி உடல் குளிர்ந்தும் இருக்கலாம். கண்ணாடித் தம்ளரால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தோலில் தோன்றுவது பேராபத்தின் அறிகுறி. கருநிற மேனியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பார்த்தல் நலம். எல்லா அடையாளங்களும் சேரும் வரை காத்திருக்கவேண்டியதில்லை.

ஐயம் தோன்றியவுடன் 108 ஊர்தியை அழையுங்கள். அது வரத் தாமதமாகுமாயின் கிடைக்கும் வண்டியில் புறப்படுங்கள். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் கரண்டியோ துணியோ திணிக்கலாகாது. கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. மயங்கிய குழந்தைக்கு நீரோ கஷாயமோ புகட்டினால் மூச்சுக் குழாயில் சென்றுவிடும். சூடு போடுவது குழந்தைக்கு இழைக்கும் கொடுமையே அன்றி வைத்தியம் அன்று.

மருத்துவமனையில் முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுத்துச் சோதிப்பர். இதனால் கால் விளங்காமற் போகும் என்று அஞ்சிப் பலர் மறுக்கின்றனர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுகிறது. ஆகையால் அந்த அச்சம் வேண்டாம். காய்ச்சல் தணிந்ததும் மருந்தைப் பாதியில் நிறுத்தி வீடு திரும்பலாகாது. குணமான பின் குழந்தையின் செவித்திறனை அவசியம் சோதிக்கவேண்டும்.

வருமுன் காப்பதற்கும் வழியுண்டு. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோய்க் கிருமியால் வரும் மூளை உறைக் காய்ச்சலைத் தடுக்கத் துணைபுரிகிறது. 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி, ஹிப் என்னும் கிருமியைத் தடுக்கிறது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலுந்தான் முதன்முதலாகத் தொடங்கப்பெற்றது. 6, 14-ஆம் வாரங்களிலும் 9-ஆம் மாதத்திலும் போடும் மற்றோர் ஊசி நிமோகாக்கஸ் கிருமியைத் தடுக்கிறது. இவை யாவும் இலவசமே.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! நீங்கள் செய்யத்தக்கவை மூன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணையும், இரவில் வண்டி தர இசைவோரின் எண்களையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். தடுப்பூசி தவறிய குழந்தைகளின் பட்டியலைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டறிந்து, அவரவர் வார்டில் வீடு தேடிச் செல்லுங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களை மறவாதீர்கள். தவணை தவறுவது பெரும்பாலும் அக்குழந்தைகளுக்கே.

கரையைக் காக்க ஊர் ஒன்றுகூடுவதுபோல், ஒரு குழந்தையின் உயிரைக் காக்கவும் நள்ளிரவில் ஊர் எழவேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதற்கான ஏற்பாட்டைத் தொடங்குவோமாக.